உள்ளே பூசிய தார்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கப்பலில் சமையற்காரனாக இருந்தபோது இருப்பு எழுதி எழுதிப் பழகிய கை இது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் எழுத அரிசியும் பருப்பும் இல்லாததால் என்னையே எழுதுகிறேன். சரக்கு பழசுதான்.

இன்று பூசை முடிந்ததும் பங்குப்பேரவைக் கூட்டம். மாதா திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாதாவின் சுரூபத்தை எங்கள் கீழப்பொழியிலிருந்து காயலைக் கடந்து மேலப்பொழிக்குக் கொண்டுபோவது வழக்கம். கோயில் வள்ளம் போன வருஷமே பாதி வழியில் தண்ணீர் குடித்துவிட்டது. "ஃபைபர் போட்டுல கொண்டு போவோம்" என்றார் செயலாளர் வில்பிரட். மாதாவை ஃபைபரில் ஏற்றுவதா என்று எனக்குச் சுரீரென்றது. எழுந்து நின்றேன். "எங்க தாத்தா லாசர் தண்டல் மலையில போயி அயினி மரம் வெட்டி, ஒத்த மரத்துல குடைஞ்ச வள்ளம் எங்க வீட்டுப் புரையில கெடக்கு. திருவிழாவுக்குள்ள புதுசாக்கித் தாறேன்" என்றேன். வள்ளத்துக்குத் தலைவன்தான் தண்டல், எங்கள் வீட்டுப் பேரே அதுதான். கை தட்டினார்கள். தட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம், நான் சொன்ன விதம் அப்படி.

வீட்டுக்கு வந்து பெர்ப்பெத்துவிடம் சொன்னேன். "உங்க வாயிக்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்றாள். "வள்ளமில்லாத வீட்டுல பொறந்தவளுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்வதுதான். அவள் மேலப்பொழி தாழையடி வீட்டுக்காரி. அந்த வீட்டு ஆண்கள் அடுத்தவன் வலைக்குக் கூலிக்குப் போகிறவர்கள். சொந்தக்காரர் வீட்டுப் பந்திகளில் இதைச் சொல்லி நான் எல்லாரையும் சிரிக்கவைப்பது உண்டு. அவளும் பரிமாறிக்கொண்டே சிரிப்பாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வள்ளத்தைப் புரையிலிருந்து வெளியே இழுத்தோம். அக்கம்பக்கத்து ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். உள்ளே கோழி முட்டையிட்டு வைத்திருந்தது. பெர்ப்பெத்து முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு, "தண்டல் வீட்டு வள்ளத்துல கெடைச்ச மீனு" என்றாள். என்னிடம் பழகிய வாய்.

பின்பக்கம் இரண்டு வெடிப்பு. விளிம்பு ஒரு முழ நீளத்துக்குச் செல்லரித்திருக்கிறது. மற்றபடி மரம் கல்லாக இருக்கிறது. பெரிய வேலை தார்தான். உள்ளும் புறமும் விரல் கனத்துக்கு அப்பிக் கிடக்கிறது. அதைச் சுரண்டாமல் எதுவும் தொடங்க முடியாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சுரண்டல். முதுகு என்னுடையது மாதிரி இல்லை.

பெர்ப்பெத்து பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து நின்று பார்த்தாள். "உள்ள எதுக்கு தார் பூசியிருக்காவ? வெளியதான பூசுவாவ. உள்ள அண்டி எண்ணெய் தடவுனா போதும்லா" என்றாள். முந்திரிக்கொட்டைத் தோட்டில் இறக்கும் எண்ணெயைச் சொல்கிறாள். அவள் சொல்வது சரிதான். உள்ளே தார் பூசினால் வெயிலுக்கு உருகிக் காலிலும் வலையிலும் ஒட்டும். யாரும் பூச மாட்டார்கள். ஆனால் சரி என்று ஒப்புக்கொள்ள என் நாக்கு வளையவில்லை.

"உங்க கரையில வள்ளம் இருந்தால்லா பூசுகதுக்கு" என்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

வள்ளத்தின் முன்முனையில், அணியத்தின் உட்பக்கம், தார் போய்விட்டது. அடியில் மரத்தில் ஏதோ கீறல். மூன்று கோடு, கீழே ஒரு வளைவு. பூச்சி அரித்ததாக இருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பெர்ப்பெத்துவின் தம்பி சேசடிமை வந்தான். மேலப்பொழியில் யாருடையோ ஃபைபர் போட்டில் வேலைக்குப் போகிறான். கடலுக்குப் போகாத நாள் என்பதால் உதவிக்கு வந்தானாம். கேட்காமலே ஒரு கேன் அண்டி எண்ணெயும் கொண்டுவந்திருந்தான். அதோடு பழைய துடுப்பு ஒன்று. "எங்க தாத்தா வச்சிருந்தது அத்தான். வீட்டுல சும்மா கெடக்கு. மாதா போற வள்ளத்துக்கு ஆகட்டும்" என்றான்.

துடுப்பின் கைப்பிடியில் மூன்று கோடு. கீழே ஒரு வளைவு.

"இது என்னலே?" என்று கேட்டேன். "எங்க வீட்டுக்குறிலா அத்தான். வலைக்கட்டை, துடுப்பு எல்லாத்துலயும் வெட்டியிருப்பாவ" என்றான். நான் சாயா குடிக்கப் போகிறவன் போல எழுந்து, அணியத்தின் மேல் ஒரு சாக்கைத் தூக்கிப் போட்டேன். அவன் கவனிக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் பின்பக்க வெடிப்பில் பஞ்சும் குங்கிலியமும் திணித்துக்கொண்டிருந்தான். போகும்போது, "தண்டல் வீட்டு வள்ளத்துல நான் கை வச்சேன்னு எங்கப்பா இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு" என்றான்.

ஆகஸ்ட் 13, புதன்

இரண்டு வீட்டுக்கு ஒரே குறி இருக்கலாம். கோடு என்றால் கோடுதானே. யார் வேண்டுமானாலும் வெட்டலாம்.

மத்தியானம் பெர்ப்பெத்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் கேட்பது போல, "உங்க தாத்தாவுக்கு வள்ளம் ஏதும் உண்டுமா?" என்றேன்.

அவள் தலை நிமிராமலே சொன்னாள். "உண்டும். பெருவெள்ளம் வந்த வருஷம் தாழையில கட்டிப் போட்டிருந்தாவ. விடியக்காலம் போயிப் பாத்தா கயிறு மட்டும் கெடந்ததாம்."

காயல் பெருகி, பொழியின் மணல்திட்டை உடைத்தால் கட்டிய வள்ளம் கடலுக்குப் போவதும், எங்காவது ஒதுங்குவதும் இங்கே நடக்கிறதுதான். கண்டெடுத்தவன் மூன்று ஞாயிறு கோயிலில் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பது போலத்தான். மூன்றாவது ஞாயிறும் யாரும் வரவில்லை என்றால் பொருள் எடுத்தவனுக்கு. இரண்டு கரைக்கும் இதுதான் சட்டம்.

"தாத்தா கோயில் கோயிலாப் போயி வாசல்ல நின்னாராம்" என்றாள். "யாராவது சொல்லுவாங்கண்ணு. உங்க கோயில்லயும் மூணு ஞாயிறு நின்னிருக்காரு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. பெறவு அடுத்தவன் வலைக்குப் போகத் தொடங்குனாரு. எங்கப்பாவுக்குப் பள்ளிக்கூடம் நின்னதும் அந்த வருஷந்தான்."

"நீ இத எங்கிட்ட சொன்னதே இல்லயே" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். "கல்யாணம் ஆன புதுசுல சொன்னேன். 'எல்லாப் பிச்சைக்காரனும் ஒரு காலத்துல யானை வச்சிருந்தவன்தான்'ன்னு சொல்லிச் சிரிச்சிய."

எனக்கு ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பேன். என் வாயை எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புத் திருநாள். பூசை முடிவில் சாமியார் என் பெயரைச் சொன்னார். 'தண்டல் வீட்டு தார்சியுஸ் தம் மூதாதையரின் வள்ளத்தை அன்னைக்கு அளிக்கிறார்.' எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு முன்னே நற்கருணை கொடுத்தபோது நான் நன்மை வாங்கப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று பெர்ப்பெத்துவிடம் சொன்னேன். வீட்டில் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அணியத்தின் உட்பக்கம் பலம் குறைவு. ஒரு பலகைத் துண்டு வைத்துச் செம்பாணி அடித்தேன்.

பலம் குறைவு இல்லை. அங்கேதான் மரம் நல்ல கனம். முதலில் இழைப்புளியை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நாலு இழுப்பில் குறி போயிருக்கும். கை ஓடவில்லை. தாத்தாவும் உளியால் செதுக்கியிருக்கலாம். அவருக்கும் கை ஓடாமல்தான் தார் பூசினாரோ என்னவோ. அவர் தார், நான் பலகை. குடும்பத் தொழில் விட்டுப்போகவில்லை.

ஆணி அடிக்கும்போது பெர்ப்பெத்து வந்தாள். ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுகிறது என்று கேட்டுவிட்டுத் தன் முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தாள். ஆணியை விட்டு விரலில் அடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அண்டி எண்ணெய் இரண்டாம் பூச்சு. கையில் தேங்காயெண்ணெய் தடவாமல் தொட்டதால் தோல் பொங்கிவிட்டது. வள்ளம் பளபளக்கிறது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கொடியேற்று.

இதை எழுதவே கூசுகிறது. வில்பிரட் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். வள்ளத்தின் கதையைச் சொல்லச் சொன்னார். இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் ஏறினேன். மைக்கைக் கையில் வாங்கியதும் வாய் தன்னால் ஓடியது. தாத்தா மலைக்குப் போனார், வழியில் யானையைப் பார்த்தார், செபமாலையைத் தூக்கிக் காட்டினார், யானை ஒதுங்கிப் போனது. யானை இதுவரைக்கும் கதையில் இருந்ததே இல்லை. இன்று புதிதாக வந்தது.

கீழே முதல் வரிசையில் சேசடிமை கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டான். முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் அவன்தான் கை தட்டினான். இறங்கி யார் முகத்தையும் பார்க்காமல் நேரே வீட்டுக்கு நடந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அடுக்களையில் அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். குறி, துடுப்பு, நான் அடித்த பலகை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்றும் நினைத்தேன். காலில் விழவும் தயாராகத்தான் போனேன், உண்மையைச் சொன்னால் அதற்கு ஒத்திகையும் பார்த்திருந்தேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"கதவ எதுக்குச் சாத்துனிய?" என்றாள்.

கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"வள்ளமில்லாத வீட்டுக்காரின்னு இத்தன வருசம் எங்க வச்சுச் சொன்னிய? பந்தியில வச்சுச் சொன்னிய. மதிலுக்கு அந்தப் பக்கம் கேக்கச் சொன்னிய. ஊருக்கு முன்னால வச்சில்லா சிரிச்சிய. இப்ப அடுக்களையில வந்து, கதவையும் சாத்திக்கிட்டு, மெதுவாச் சொல்லுதியளா?"

அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாள். மீனைத் திருப்பிப் போட்டாள். சாப்பாடு போட்டாள், வழக்கம்போல எனக்குத் தலைத்துண்டு.

செப்டம்பர் 4, வியாழன்

சாமியாரைப் போய்ப் பார்த்தேன். கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். "திருவிழா நல்லபடியா முடியட்டும். பெறவு ரெண்டு கரைக்காரங்களையும் கூப்பிட்டு வச்சு அமைதியாப் பேசுவோம்" என்றார். வெளியே வரும்போது பாதி சுமை இறங்கிய மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பெர்ப்பெத்துவிடம் சொன்னேன்.

"சாமியாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "மந்திரிக்கும்போ 'யாருக்க வள்ளம்'ணு கேப்பாருல்லா? அதுக்கு யாரு பதில் சொல்லுகது?"

இறங்கின சுமை திரும்ப ஏறிவிட்டது. வள்ளத்தை மந்திரித்து ஆசீர்வதிக்கும்போது அணியத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை என்று சாமியார் கேட்பார். வீட்டுப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தீர்த்தம்.

செப்டம்பர் 6, சனி

பலகையைப் பிடுங்கினேன். ஆணி போன ஓட்டைகள் குறியின் மேலேயே விழுந்திருக்கின்றன. நடுக்கோட்டில் இரண்டு. மெழுகு வைத்து அடைத்தேன், அடைத்தது தெரிகிறது. தாத்தாவின் தார் அந்தக் குறிக்கு ஒன்றும் செய்யவில்லை. கெடுத்தது நான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாலு மணிக்கு வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுபோனோம். மாலை, தோரணம், பாண்டுவாத்தியம். மேலப்பொழி ஆட்களும் பாலம் வழியாக வந்து நின்றிருந்தார்கள். சேசடிமை புது வேட்டி கட்டித் துடுப்போடு நின்றான், வள்ளம் வலிப்பவன் அவன்தான். பெர்ப்பெத்து பெண்கள் பக்கம் நின்றாள். காலையிலிருந்து என்னைப் பார்க்கவில்லை, இப்போது பார்த்தாள்.

சாமியார் அணியத்தில் நின்று, "இந்த வள்ளம் யாருடையது?" என்று கேட்டார்.

"தாழையடி வீட்டு வள்ளம்" என்றேன். சத்தம் என் மீசையைத் தாண்டவில்லை. பாண்டு வேறு வாசித்துக்கொண்டிருந்தது. வில்பிரட் மைக்கில், "தண்டல் வீட்டு வள்ளம்!" என்று முழங்கினார். கூட்டம் கை தட்டியது.

விட்டிருக்கலாம். நான் சொல்லிவிட்டேன், அவர்கள் கேட்கவில்லை, என் மேல் குற்றமில்லை என்று எனக்கு நானே நியாயம் பேசியும் பார்த்தேன். பெர்ப்பெத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை தட்டலுக்கு அவளும் இரண்டு தட்டுத் தட்டினாள், ஊர் பார்க்கிறதே என்று. அந்தக் கையைப் பார்த்தபிறகு என்னால் முடியவில்லை.

சாமியார் நடுவுக்கு வந்தார். "இந்த வள்ளம் யாருடையது?" வில்பிரட்டின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். "மேலப்பொழி தாழையடி வீட்டு வள்ளம்" என்றேன். ஒலிபெருக்கி காயல் முழுக்கக் கொண்டுபோனது. பாண்டு நின்றது. வில்பிரட் என் தோளைத் தொட்டு, "அண்ணே, மாத்திச் சொல்லுதிய" என்றார்.

சாமியார் பின்பக்கம் போகாமல் அங்கேயே நின்றார். நான் முதலில் போனேன், பிறகு அவர் வந்தார். மூன்றாவது முறை கேட்கும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"தாழையடி வீட்டு வள்ளம்" என்றேன். "பெருவெள்ளத்துல ஒதுங்கினத எங்க தாத்தா எடுத்துத் தார் பூசி ஒளிச்சு வச்சாரு. மூணு ஞாயிறும் சொல்லல. அவிய தாத்தா நம்ம கோயில் வாசல்ல மூணு ஞாயிறும் வந்து நின்னிருக்காரு. அணியத்துல குறி இருக்கு, பாருங்க. போன மாசம் எனக்குத் தெரிஞ்சது. நான் அதுக்கு மேல பலக அடிச்சேன். யானைக்கதை நான் உண்டாக்குனது. எம் பெண்டாட்டிய வள்ளமில்லாத வீட்டுக்காரின்னு நான் சொன்னத நீங்க எல்லாரும் கேட்டிருக்கிய. இதையும் கேளுங்க."

ஒரு சத்தமும் இல்லை. வெடிக்காரன் இந்த அமைதியைத்தான் சைகை என்று எடுத்துக்கொண்டான் போல, சரம் முழுவதையும் கொளுத்திவிட்டான். அது வெடித்து முடியும்வரை ஊரே காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தது. ஒளிந்துகொள்ள அங்கே ஒரு மரம்கூட இல்லை.

புகை போனதும் சேசடிமை என் பக்கத்தில் வந்தான். என் வாயை மோந்து பார்த்தான், குடித்திருக்கிறேனா என்று. பிறகு அணியத்தில் குனிந்து குறியைத் தடவினான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. "வேண்டாம் அத்தான். பழசெல்லாம் எதுக்கு? நீங்களே வச்சுக்கிடுங்க" என்றான். அவன் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து பெர்ப்பெத்து வந்தாள். "அவன் வேண்டாம்னுதான் சொல்லுவான். எங்க அப்பா பிள்ளை. எனக்கு வேணும்" என்றாள். மைக் என் கையில் இருந்ததால் அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தாள். சுரூபத்தை ஏற்றினார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். வள்ளத்துச் சொந்தக்காரர் குடும்பம் மாதாவோடு போவது முறை. நான் ஏறவில்லை. யாரும் ஏறச் சொல்லவும் இல்லை. பின்னால் தள்ள ஓர் ஆள் குறைந்தது, வேட்டியை மடித்துக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினேன். வள்ளம் நல்லபடியாகப் போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

செப்டம்பர் 8, திங்கள்

நேற்று அவள் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். காலைத் திருவிழாப் பூசைக்கு நான் கடைசி வரிசையில் நின்றேன். என் பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் நகர்ந்துகொண்டார், இல்லை, தூணுக்குப் பக்கம் காற்று வரும் என்று போனாரோ தெரியாது. சாயாக்கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வழக்கமாக என்னைப் பேசச் சொல்லி உட்காரவைப்பார்கள். இன்று சாயாவைக் கொடுத்துவிட்டு எல்லாரும் செய்தித்தாள் வாசித்தார்கள்.

பத்து மணிவாக்கில் பெர்ப்பெத்து பாலத்தின் வழியே நடந்து வந்தாள். உள்ளே போய்ப் பானையைத் திறந்து பார்த்தாள். நான் ஒன்றும் வைக்கவில்லை. கப்பல் முழுவதற்கும் சமைத்தவன், இன்று அரிசி களையத் தோன்றவில்லை.

"அங்க ஆளுக உங்களப் பாக்கணுமாம்" என்றாள். "எங்க பெரியப்பா மக்க, சித்தப்பா மக்க எல்லாம் வந்திருக்காவ. எலை போட்டுச் சோறு வைக்காவ. நீங்க வந்து அவிய முன்னால இருக்கணும்."

"எப்பிடி வருவேன்? எனக்கு நாணக்கேடா இருக்கு" என்றேன். இந்த வார்த்தையை என் வாயால் சொல்லி எனக்கே பழக்கமில்லை.

"இருக்கட்டும்" என்றாள். "வாங்க."

கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.